ஒட்டறதுதான் ஒட்டும்

"எண்ணெயைத் தடவிக்கிட்டு மண்ணுல புரண்டாலும் ஒட்டறதுதானுங்க ஒட்டும்." வளர்மதியக்கா இதை என்னைக் குத்திக்காட்டவா சொன்னாங்க, இல்ல, ஆறுதலாத்தான் சொன்னாங்க, ஃபிளாஸ்க் மூடியில எனக்குக் காபி ஊத்திக் குடுத்துக்கிட்டேதான் சொன்னாங்க, அதனால காபியை வாங்கிக்கிட்டேன், இல்லேன்னா என்ன சொல்லியிருப்பேன், அக்கா, அந்தப் பழமொழியே தப்பு, எண்ணெய் தடவின உடம்புல மண்ணு இன்னும் ஜாஸ்தியாத்தான் ஒட்டும், வேணும்னா ஊருக்குப் போய்ப் புரண்டு பாருங்கன்னா, நல்லா இருக்கும், ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல. உள்ள பிரணி படுத்திருக்கா. இந்நேரம் மயக்கம் குடுத்திருப்பாங்க. சைக்கிள்ல இருந்து விழுந்து முழங்கை எலும்புல ஒரு துண்டு பிசகிப்போச்சு, அதை இழுத்து வெச்சு, உடம்புக்குள்ளயே கரைஞ்சு போற ஒரு ஊசியை அடிச்சு நிறுத்தப்போறாங்க, சின்ன ஆபரேஷன்தான்னு டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், டாக்டருங்க சிரிச்சா நான் நம்பறதில்ல. நான் பிரணியைப் பெத்தவ இல்ல. பெத்தவ சுகந்தி, இந்த வளர்மதியக்காவோட தங்கச்சி, பிரணி பால்வாடிக்குப் போற வயசுலயே காய்ச்சல்ல போயிட்டா. நான் கோகிலவாணி, பிரணியோட அப்பா குழந்தைவேலுவுக்கு ரெண்டாவதா வந்தவ. அவர் ஹைதராபாத்ல இருந்து வந்துக்கிட்டு இருக்கார், ஃபிளைட் லேட்டாம். கட்டுப் பிரிச்சதும் பாப்பாவை எங்க ஊருக்கு, கோபிக்குக் கூட்டிட்டுப் போயிடறேனுங்க, அங்கயே ஸ்கூல்ல சேர்த்துடலாம், எங்க ஊட்ல எந்நேரமும் ஆளிருக்கும்னு வளர்மதியக்கா காலையில ஃபோன்ல அவர்கிட்டச் சொன்னாங்க. அவர் உடனே, பாப்பாவையே கேட்டுக்கலாம்னுட்டார். என்கிட்ட ஃபோன் வந்ததும் நானும் ஆமா, அவளையே கேட்டுக்கலாம்னுட்டேன். பெரிய மனுஷி. தாராள மனசு. காபியில சர்க்கரை தூக்கலா இருக்கு, கோபிக்காரங்க காபி அப்படித்தான் இருக்கும்.

ஒட்டறதுதான் ஒட்டுமாம். அப்ப நான் இத்தனை வருஷமா லேப்ல என்னத்தைக் கிழிச்சேன்? எனக்கு வேலையே ஒட்டாததை ஒட்ட வைக்கறதுதானே. தயிர் புளிக்கறப்ப ஒரு அமிலம் வருமே, அதையே கோத்துக் கோத்துச் சங்கிலியாக்கினா ஒரு பிளாஸ்டிக் கிடைக்கும், கெட்டியா, பளபளன்னு. எலும்புல வெச்சா எலும்பு கூடற வரைக்கும் தாங்கிட்டு அப்புறம் மெல்ல மெல்லத் தண்ணியாவும் மூச்சுக்காத்தாவும் போயிடும், திரும்ப அறுத்து வெளிய எடுக்க வேண்டியதில்ல. தங்கமான சாமான். ஒரே ஒரு குறை, அதுக்கு யாரையும் பிடிக்காது. மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா பரவாது, உருண்டு குத்த வெச்சுக்கும். உடம்போட செல்லுங்க வந்து உட்கார்ந்தாலும் அதே கதைதான், ஒரு காலை நீட்டிப் பார்க்கும், பிடிக்கலைன்னா சுருட்டிக்கும். அதனால நாங்க என்ன பண்ணுவோம், கண்ணாடிக் கூண்டுக்குள்ள அதை வெச்சு, காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, துளி ஆக்சிஜன் விட்டு, கரண்டைப் பாய்ச்சுவோம். ஊதாக் கலர்ல எரியும். சூடே இல்லாத நெருப்பு. அது பட்டதும் மேல் தோல் மட்டும் மாறிடும், உள்ள ஒரு மாத்தமும் இருக்காது. அப்புறம் சொட்டு விட்டா தண்ணி சந்தோஷமா பரவிப் படுத்துக்கும். செல்லும் வந்து காலை நீட்டிப் படுத்துக்கும், சொந்த வீட்டு வாசல்ல படுக்கற நாய் மாதிரி. அதைப் பார்க்கற அன்னிக்கு எனக்குச் சோறே வேண்டாம். நேத்து டாக்டர்கிட்ட அந்த ஊசிப் பாக்கெட்டைக் காட்டுங்கன்னேன், மேல என்ன பூச்சு, எப்பத் தயாரிச்சது, எப்படி வெச்சிருந்தீங்க, யார் பிரிப்பாங்கன்னு கேட்டுக்கிட்டே போனேன், அவர் கண்ணாடியைக் கழட்டி, மேடம், இது உங்க லேப் இல்லீங்க, குழந்தைன்னார். அதுதான் சார் எனக்குப் பயமே. லேப்ல ஒண்ணு சரியா வரலைன்னா குப்பையில போட்டுட்டு அடுத்ததை எடுப்பேன். வளர்மதியக்காவுக்கு இந்தச் சமாச்சாரமே பிடிக்கல. கம்பின்னா கம்பின்னு ஒரு நம்பிக்கை இருக்குமுங்க, கரையற சாமானத்தை நம்பி யாராச்சும் எலும்பைக் குடுப்பாங்களாங்கறாங்க. அவங்களுக்கு நான் விளக்கம் சொன்னேன், அதோட வேலையே போறதுதான் அக்கா, எலும்பு தானா பிடிச்சுக்கற வரைக்கும் இருந்துட்டு, அப்புறம்... எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், அப்புறம் என்ன கோகிலா, வாயைக் கழுவு, ஆஸ்பத்திரியில உட்கார்ந்துக்கிட்டு கரையறதைப் பத்திப் பேசறா பாரு.

விழுந்தப்பக்கூட அவ அழல. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. அபார்ட்மென்ட் கேட்டுக்கிட்ட சத்தம் கேட்டு நான் மாடியில இருந்து செருப்புக்கூடப் போடாம ஓடினேன், அவ சைக்கிளுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்திருந்தா, வலது கையால இடது முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சி வெளுத்து, உதடு கடிச்சு. என்னாச்சு சாமி, வலிக்குதான்னேன். "ஒண்ணுமில்லீங்க." ஒண்ணுமில்லீங்களாம்! எலும்பு முறிஞ்ச புள்ள பேசற பேச்சா இது? ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க, வீட்டுக்குப் போனவங்க, இன்னும் ஒரு தோசை வெக்கட்டுங்களான்னா போதுமுங்கன்னு இலையை மறைப்பாங்களே, அந்த மாதிரி. எங்க ஊர்ப்பக்கம் மாட்டுக்கன்னுக்குட்டிக்கும் மரியாதை குடுப்பாங்க, அது வேற. வெளியூர்க்காரங்க கேட்டுட்டு ஆஹா, கோயமுத்தூர்க்காரங்க பேச்சே பேச்சுன்னு உருகுவாங்க. ஆனா எந்தப் புள்ள பெத்தவளை நீங்க வாங்கங்கும்? நானெல்லாம் பொள்ளாச்சியில எங்கம்மாவை, ஏய் அம்மா, நீ போட்ட ரசத்துல உப்பே இல்லன்னு சத்தம் போட்டு வளர்ந்தவ. பிரணி என் ரசத்தைப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல. உப்புக் கரிச்சாலும் குடிச்சுட்டுக் கிண்ணத்தைக் கழுவி வெச்சுடுவா. சமத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அந்தச் சமத்து வேண்டாம். அவ என்னை அம்மான்னதில்ல, சித்தின்னதில்ல, ஆன்ட்டியும் இல்ல, அத்தையும் இல்ல. எப்படிக் கூப்பிடறதுன்னு சொல்லிக்குடுங்கன்னு இவர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதெல்லாம் தானா வரும் விடுங்கறார், எல்லாமே தானா வரும் அவருக்கு, தண்ணி தானா வரும், கரண்டு தானா வரும். நானும் விட்டுட்டேன். நெருக்கக் கூடாது, திணிக்கக் கூடாது, அவளா வரட்டும், அவ மனசுல அவங்கம்மா இடத்துல நான் கையை வைக்கக் கூடாது. கையை வைக்கக் கூடாது. நான் என்ன நினைச்சு நினைச்சு ஒதுங்கியிருந்தேன்னு யாருக்குத் தெரியும். உள்ள இருந்து ஏதோ டிராலி உருளற சத்தம். வேற யாரையோ கொண்டுபோறாங்க. பெரியவங்க கால். நல்லவேளை. அய்யோ, நல்லவேளையாமா, அதுவும் யாரோ பெத்த புள்ளதானே, புத்தி போற போக்கைப் பாரு.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க கோகிலா." வளர்மதியக்கா இப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் எடுத்துக்கணும்னு அர்த்தம். சொல்லுங்கக்கான்னேன். புடவைத் தலைப்பை விரல்ல சுத்தறாங்க, அவிழ்க்கறாங்க. "பாப்பா போன லீவுக்கு வந்திருந்தப்பச் சொல்லுச்சுங்க. தலைக்கு எண்ணெய் வெச்சுவிட்ட கையோட நீங்க பாத்ரூமுக்கு ஓடிப்போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறீங்களாமா. எம்மேல அழுக்கு இருக்குதா பெரிம்மான்னு கேட்டுது. எனக்கு வவுறு எரிஞ்சு போச்சுங்க." என்னது. இருங்க. என்னது? எண்ணெயா? அய்யோ கடவுளே. அக்கா, அது லேப்ல... விரல்ல இருக்கற எண்ணெய் இருக்குல்ல அக்கா, நம்ம எல்லார் விரல்லயும் கண்ணுக்குத் தெரியாம இருக்கும், அது பட்டா நாங்க ஊதா நெருப்புல பண்ணி எடுத்த பிளாஸ்டிக் தகடு அவ்வளவும் வீண், ஒரு ரேகை பட்டாப் போச்சு, அதனால காலேஜ் படிச்ச நாள்ல இருந்தே கை கழுவிக் கழுவி... சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமா இருந்துது. வளர்மதியக்கா தலையை ஆட்டினாங்க. "தெரியுமுங்க. படிச்சவங்க சுத்தம் பார்ப்பீங்க." அதில்ல அக்கா! சுத்தம் இல்ல! காலையில தலை பின்னிவிட்டுட்டு அப்படியே பஸ் பிடிச்சு லேப்புக்குப் போறவ, கையில தேங்காயெண்ணெயோட போனா என் தகடு செத்துடும், அதுக்குத்தான் கழுவினேன், அவளுக்காகக் கழுவல, தகடுக்காகக் கழுவினேன். தகடுக்காக! கேளுங்க இந்த நியாயத்தை. குழந்தை தலையைத் தொட்ட கையை, கடுகத்தனை பிளாஸ்டிக் துண்டு கோவிச்சுக்குமேன்னு, அந்தக் குழந்தை கண்ணு முன்னாலயே ஓடி ஓடித் தேய்ச்சிருக்கேன். அவ பாத்ரூம் வாசல்ல ரிப்பனைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பா. பார்த்துக்கிட்டே நின்னிருப்பா. ஒருநாள், இனி நானே பின்னிக்கறேனுங்கன்னா. நான் என்ன பண்ணினேன், பூரிச்சுப் போனேன். எங்க பிரணிக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு லேப் முழுக்கச் சொன்னேன். கோணல் வகிடும் ஒரு பக்கம் தூக்கின பின்னலுமா ஸ்கூலுக்குப் போவா, எனக்கு அள்ளிக்கலாம் போல இருக்கும், ஆனா அள்ளல, நெருக்கக் கூடாதே, அவளா வரணுமே.

அவளா எப்படி வருவா. போன பொங்கல் லீவுல ஒரு கூத்து நடந்துது. லீவுக்கு முன்னால அவசர அவசரமா தகடுங்களை நெருப்புல வெச்சு எடுத்தோம், சொட்டு விட்டுப் பார்த்தோம், அழகாப் பரவுச்சு, சரி, ஊருக்குப் போயிட்டு வந்து மேல செல்லை விதைக்கலாம்னு மூடி வெச்சுட்டுப் போனோம். யாரும் தொடல. தூசி படல. ஒரு தப்பும் நடக்கல. வந்து பார்த்தா தண்ணி பழையபடி உருண்டு உட்கார்ந்துக்கிச்சு. எங்க லேப்ல இதுக்கு ஒரு பேச்சு உண்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிச்சும்போம். நிஜமாவே அதான் நடக்கும், தண்ணியைப் பிடிச்சிருந்த நுனியெல்லாம் மெதுவா உள்பக்கம் திரும்பிக்கும், யாரும் வரலைன்னா அது எத்தனை நாளைக்குத்தான் வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கும். செஞ்ச கையோட செய்யணும், ஆறப்போட்டாப் போச்சு, இதை நான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் வகுப்பெடுக்கறேன். வகுப்பு! கல்யாணமாகி வந்த புதுசுல பிரணி என் பின்னாலயே சுத்தினா. நான் காய் நறுக்கினா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துப்பா. என் பைக்குள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பார்ப்பா. அவளாத்தான் வந்தா, வந்து நின்னா, நான்தான் அவசரப்படக் கூடாதுன்னு ஆற வெச்சேன். ச்சே, இவளை எதுக்கு நான் தகடோட சேர்க்கறேன். புள்ளடி அது. இப்ப இவரும் நானும் சேர்ந்து பாப்பாவையே கேட்டுக்கலாம்கறோம். கைக்கட்டோட படுத்திருக்கற புள்ளகிட்டப் போய், கண்ணு, நீ இங்க இருக்கறியா, கோபிக்குப் போறியான்னு கேட்டா அதுக்கு என்ன அர்த்தம்? நீ போனாலும் இவளுக்குப் பரவாயில்லன்னுதானே அர்த்தம். அவ என்ன சொல்வான்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு எது வசதிங்களோ அப்படியே பண்ணிக்கலாமுங்கம்பா. அப்படியே ஒரு பையை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறிடுவா. அன்னிக்கு ராத்திரி நான் யாருக்கு ரசம் வைப்பேன். எனக்கு அவ வேணும். இதை நான் இதுவரைக்கும் வாயைத் திறந்து யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு அந்தப் புள்ள வேணும்.

கதவு திறந்துது. "பிரணிதா கூட வந்தவங்க யாருங்க?" ரெண்டு பேரும் எந்திரிச்சோம், என் மடியில இருந்த ஃபிளாஸ்க் மூடி உருண்டு எங்கயோ போச்சு. நர்ஸ் பொண்ணு, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிட்டு, நல்லபடியா முடிஞ்சுதுங்க, டாக்டர் வந்து பேசுவாருங்க, கண்ணு முழிச்சிருச்சு, ஒருத்தர் மட்டும் வந்து பாருங்கன்னா. "நீங்க போங்கக்கா." சொன்னது நான்தான். இந்த வாயை என்ன பண்ணினாத் தகும். ஒரு நிமிஷம் முன்னால மனசுக்குள்ள அவ வேணும் வேணும்னு குதிச்சுட்டு, வழியை விட்டுட்டேன், பழக்கம், விட்டு விட்டே பழக்கம். வளர்மதியக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. கதவு மூடிக்கிச்சு. அவ்வளவுதான். கண்ணு முழிச்சதும் அவ பார்க்கற மூஞ்சி அவங்கம்மா ஜாடையில இருக்கற மூஞ்சி. அதுதான் நியாயமும். ஒட்டறதுதான் ஒட்டும். பெரிம்மா நானும் வர்றேன்னு அவளே சொல்லிட்டான்னா? நான் என்ன பண்ணணும், சிரிக்கணுமா, துணி மடிச்சுக் குடுக்கணுமா. மறுபடி கதவு. வளர்மதியக்கா. அதுக்குள்ளயா? பின்னாலயே நர்ஸ், சிரிப்பை அடக்க முடியாம. "நீங்க யாருங்க பாப்பாவுக்கு? முழிச்சதுல இருந்து ஏனுங்க, ஏனுங்கன்னு புருசனைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டுட்டே இருக்குதுங்க. என்ன கண்ணுன்னு நான் போய் நின்னா, உங்கள இல்லீங்கங்குது." நான் வளர்மதியக்காவைப் பார்த்தேன். அவங்க என் தோளைப் பிடிச்சாங்க, அழுத்தியே பிடிச்சாங்க. "நீ இல்ல பெரிம்மான்னுட்டா. போங்க கோகிலா. உங்களைத்தான்."

ஏனுங்க. இந்த ஊர்ல பஸ் கண்டக்டரைக் கூப்பிடற வார்த்தை, காய்க்காரரைக் கூப்பிடற வார்த்தை, முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட வழி கேட்கற வார்த்தை. வீட்ல சமையல் கட்டு வாசல்ல நின்னு அவ அதைச் சொல்லித்தான் ஒவ்வொரு பேச்சையும் ஆரம்பிப்பா, ஏனுங்க, பென்சில் தீர்ந்துபோச்சுங்க, ஏனுங்க, மழை வருதுங்க, நான் ஒருநாளும் அதை எண்ணிக்கையில சேர்த்ததில்ல, பேரில்லாம பேசறான்னுதான் நினைச்சேன். மயக்கம் தெளியாத புள்ள யாரையோவா கூப்பிடும்? உள்ள ஏசி குளிரு. பச்சைத் துணிக்குள்ள அவ இவ்வளவூண்டு இருந்தா. இடது கை முழுக்கக் கட்டு, உதடு காய்ஞ்சு, கண்ணு பாதி மூடி. "ஏனுங்க." "என்ன சாமி. இங்கதான் இருக்கேன்." கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பிடிச்சா. "நான் கோபிக்குப் போகோணுமுங்களா?" எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்திருக்கா, காலையில அவங்க ஃபோன் பேசினதை, நான் ஆமா போட்டதை, எல்லாத்தையும். உனக்கு எது பிடிக்குதோ அதுதான் கண்ணுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கடிச்சு முழுங்கினேன். "வேண்டாம். நீ எங்கயும் போக வேண்டாம். நான் உன்னை விடமாட்டேன்." "அப்பா போகச் சொன்னாங்கன்னா?" "உங்கப்பாகிட்டயும் இதைத்தான் சொல்லுவேன். சண்டையே போடுவேன்." அவ யோசிச்சா, மயக்கத்துலயும் நெத்தியைச் சுருக்கி யோசிச்சா. "பெரிம்மா அழுமுங்க." "அழட்டும். நீ போனா நானும்தான் அழுவேன். இப்பவே அழுதுக்கிட்டுத்தான் நிக்கறேன், பாரு." பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா, நிஜமான்னு பார்க்கற மாதிரி. நல்ல கையை மெல்ல நகர்த்தி என் விரலைப் பிடிச்சுக்கிட்டா.

"செரிங்க"ன்னா. அப்புறம் தூங்கிட்டா.